பங்கு அறிந்த பிள்ளைகள்

நம் கத்தோலிக்க வழக்கில் 'பங்கு' என்னும் சொல் இரு பொருள் தரும். ஒரு கோயிலைச் சார்ந்து வாழும் இறைமக்கள் பங்கு எனப்படுகின்றனர். ஒரு முழுப்பொருளைப் பிரிக்கும்போது ஒருவருக்குக் கிடைப்பதும் பங்கு எனப்படுகிறது. இவ்விரண்டாம் பொருளைப் பற்றியே இம்மாதம் பெற்றோர்களுடன் சிறிது உரையாட விழைகிறேன். "சாமியார் மறையுரையை விட்டுவிட்டுக் கணக்குப் பாடம் நடத்தப் புறப்பட்டுவிட்டாரே" என்று சிலர் புன்னகைக்கலாம். பங்குப் பள்ளியின் தாளாளன் என்னும் முறையில், ஆண்டுதோறும் ஐந்தாம் வகுப்பு முடியும் காலத்தில் முகவாட்டத்தோடு வந்து நிற்கும் தாய்மார்களைக் காண்பவன் நான். அவ்வாட்டத்தில் ஒரு பகுதிக்கேனும் பின்னக் கணக்கே காரணம் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நம் இல்லங்களில் பங்கிடுதல் நடவாத நாளில்லை. ஒரு தேங்காய் மூடியைக் காலைச் சட்டினிக்கும் நண்பகல் குழம்புக்குமாகப் பிரிக்கிறோம். பொங்கலுக்கு வாங்கிய கரும்பை மூன்று பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுக்கிறோம். வாரத்துக்கு நிலம் உழுபவர் களத்துமேட்டிலேயே பங்கைப் பிரிக்கிறார். கடற்கரை ஊர்கள் பலவற்றில் மீன் ஏலம் போன பணத்தில் செலவு நீங்கலாக எஞ்சியதை, படகுக்கு இத்தனை பங்கு, வலைக்கு இத்தனை பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு எனப் பிரிக்கும் வழக்கம் உண்டு. கணக்கு ஊருக்கு ஊர் மாறும். ஆகவே பின்னம் என்பது பாடநூலில் பிறந்த பூதம் அன்று. அது வீட்டில் பிறந்து, கடற்கரையிலும் களத்துமேட்டிலும் வளர்ந்தது. எனினும் வீட்டில் தன் பங்கைத் துல்லியமாக அறியும் பிள்ளை, கரும்பலகையில் 1/3 என்றும் 1/4 என்றும் கண்டவுடன் மருண்டுபோகிறது. ஏன் இந்த மருட்சி?

மருட்சியின் வேர்

குழந்தை பள்ளியில் முதல் மூன்று ஆண்டுகள் முழு எண்களோடு பழகுகிறது. மூன்றைவிட நான்கு பெரிது, ஏழைவிட எட்டுப் பெரிது என்பது அதன் மனத்தில் கல்வெட்டாகப் பதிந்துவிடுகிறது. அதன்பின் ஒருநாள், 1/3-ஐவிட 1/4 சிறிது என்று ஆசிரியர் கூறுகிறார். குழந்தையின் கண்ணுக்குத் தெரிவதோ 3-உம் 4-உம். நேற்றுவரை மெய்யாக இருந்த ஒன்று இன்று பொய்யாகிவிட்டதுபோல் அதற்குத் தோன்றுகிறது. காரணத்தைக் கேட்கத் துணியும் பிள்ளைகள் சிலர். கேட்க அஞ்சி, சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் பலர்.

இது நம் நாட்டுப் பிள்ளைகளின் குறை மட்டும் அன்று. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெற்ற தேசிய அளவிலான தேர்வொன்றில், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் ஒரு வினா கேட்கப்பட்டது. 12/13-ஐயும் 7/8-ஐயும் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு வரும்? 1, 2, 19, 21 என்னும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். 12/13 என்பது ஏறக்குறைய ஒன்று. 7/8 என்பதும் ஏறக்குறைய ஒன்று. ஆக விடை 2. இதற்குத் தாளும் எழுதுகோலும் தேவையில்லை. ஆயினும் சரியான விடையைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 24 பேர் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டோர் 19 என்றோ 21 என்றோ விடை கூறினர். மேலே உள்ள எண்களைக் கூட்டினால் 19; கீழே உள்ளவற்றைக் கூட்டினால் 21. அப்பிள்ளைகளுக்குக் கூட்டத் தெரிந்திருந்தது. தாம் எதைக் கூட்டுகிறோம் என்று மட்டும் தெரியவில்லை.

வளர்ந்தோர் நிலையும் இதனின் வேறன்று. ஏ அண்டு டபிள்யூ என்னும் அமெரிக்க உணவகத்தின் உரிமையாளராக இருந்த ஆல்பிரெட் டாப்மன், 2007-இல் வெளிவந்த தமது நூலில் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். போட்டி நிறுவனம் கால் பவுண்டு இறைச்சி வைத்த ரொட்டியை விற்றது. இவர் அதே விலைக்கு மூன்றில் ஒரு பங்கு பவுண்டு இறைச்சி வைத்து விற்றார். மக்கள் வாங்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, 1/3 என்பது 1/4-ஐவிடக் குறைவு என்று வாடிக்கையாளர்களுள் பலர் எண்ணியது தெரியவந்ததாம். மூன்றைவிட நான்கு பெரிதல்லவா! மிகுதியாகக் கொடுத்தவரைக் குறைத்துக் கொடுத்தவர் என்று மக்கள் ஒதுக்கினர். பங்கு அறியாதவனிடம் நேர்மையான வணிகனும் தோற்பான். நேர்மையற்ற வணிகன் வெல்வான்.

நம் முன்னோர் வைத்த பெயர்கள்

தமிழர் பின்னத்துக்கு அந்நியர் அல்லர். அரை, கால், முக்கால் ஆகியவற்றை நாம் இன்றும் வழங்குகிறோம். அவற்றுக்குக் கீழே அரைக்கால் என்றால் 1/8. வீசம் அல்லது மாகாணி என்றால் 1/16. மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. முந்திரி என்றால் 1/320. திண்ணைப் பள்ளிகளில் இவற்றின் வாய்பாடுகளை எண்சுவடியிலிருந்து பிள்ளைகள் உரக்க ஓதினர். காரிநாயனார் இயற்றியதாக வழங்கும் 'கணக்கதிகாரம்' போன்ற நூல்களில் நிலம், பொன், தானியம் முதலியவற்றின் கணக்குகள் இப்பின்னங்களைக் கொண்டே அமைந்துள்ளன.

இப்பெயர்களுக்குள்ளேயே காரணம் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். அரைக்கால் என்பது காலில் அரை; எனவே அது காலைவிடச் சிறிது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. 1/5-ஐ நம் முன்னோர் நாலுமா என்றனர். இருபதில் நான்கு பங்கு என்பது அதன் பொருள். 'மூன்றில் ஒரு பங்கு' என்று நாம் சொல்லும்போது, முழுமை எத்தனையாகப் பிரிக்கப்பட்டது என்பதை முதலிலும், அதில் எத்தனையை எடுத்தோம் என்பதைப் பின்னரும் கூறுகிறோம். பொருளின் இயல்பான வரிசையும் அதுவே. இன்றைய பிள்ளைகளோ 'ஒன் பை த்ரீ' என்கின்றனர். அதில் பங்கும் இல்லை, பிரித்தலும் இல்லை. ஒன்றும் மூன்றும் மட்டுமே காதில் விழுகின்றன. ஆகவே பெற்றோர்களே, ஆங்கில வழிப் பள்ளியில் பயிலும் பிள்ளையாயினும், வீட்டில் ஒருமுறையேனும் 'மூன்றில் ஒரு பங்கு' என்று சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். மருட்சியில் ஒரு பகுதி அப்போதே நீங்கிவிடும்.

பன்னிரண்டு அட்டைகள்

மனப்பாடம் தீதன்று. ஆனால் காரணம் அறியாத மனப்பாடம் மணல்மேல் கட்டிய வீடு. காரணம் காணும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வளர்ப்பதற்கு எளிய வழியொன்று உண்டு, அதுவே வகைப்படுத்துதல். பின்னங்கள் எழுதிய அட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, இன்ன இன்ன குவியலாகப் பிரியுங்கள் என்று சொல்வது. இதற்குச் செலவு ஏதுமில்லை. பழைய திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கமே போதும்.

பன்னிரண்டு அட்டைகளை வெட்டி, பின்வரும் பின்னங்களைக் கலைத்து எழுதுங்கள்: 1/3, 2/5, 3/8, 5/11, 2/4, 3/6, 5/10, 6/12, 4/7, 5/9, 5/8, 7/12. தரையில் மூன்று வட்டங்கள் வரையுங்கள். முதல் வட்டம் பாதிக்குக் குறைந்தவை, இரண்டாவது சரிபாதி, மூன்றாவது பாதிக்கு மேற்பட்டவை. நான்கு பிள்ளைகள் கொண்ட குழு ஒவ்வோர் அட்டையாக எடுத்து உரிய வட்டத்தில் வைக்கட்டும்.

இதில் மூன்று விதிகள் உண்டு. முதலாவது, அட்டையை வைக்கும் பிள்ளை 'ஏனென்றால்' என்று தொடங்கி ஒரு காரணம் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஏற்காத பிள்ளை 'தவறு' என்று மட்டும் சொல்லக் கூடாது. அதுவும் தன் காரணத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாவது விதி ஆசிரியருக்கு உரியது, எல்லாவற்றிலும் கடினமானது. குழு தன் முடிவுக்கு வரும்வரை அவர் சரி என்றோ தவறு என்றோ சொல்லக் கூடாது. முகக்குறிப்பாலும் காட்டக் கூடாது. "அப்படியா? ஏன்?" என்று மட்டும் கேட்கலாம்.

இம்மூன்றாம் விதி ஏன் தேவை? பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தைப் படிப்பதில் வல்லவர்கள். புருவம் சிறிது உயர்ந்தால் போதும், அட்டை அடுத்த வட்டத்துக்குத் தாவிவிடும். அப்போது அவர்கள் ஆராய்வது பின்னத்தை அன்று, ஆசிரியரை.

கடைசி வரிசைச் சிறுவன்

ஒரு பங்குப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் இதனை நேரில் கண்டேன். அவ்வகுப்பின் கடைசி வரிசையில் மீனவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் இருந்தான். கணக்குத் தேர்வில் பெரும்பாலும் வெற்றுத்தாளையே கொடுப்பவன். அதற்கு முந்திய வாரம் அவன் தாய் என்னிடம் வந்து, "சாமி, இவனுக்குக் கணக்கு ஏறாதுன்னு சொல்லிட்டாங்க. அஞ்சோட நிறுத்தி அவன் மாமன்கூடத் தொழிலுக்கு அனுப்பிடலாமான்னு இருக்கேன்" என்று கூறியிருந்தார். தொழிலைத் தாழ்வாக எண்ணி அவர் அதைச் சொல்லவில்லை. மகனுக்கு அறிவில்லை என்று நம்பிச் சொன்னார். அதுவே என் மனத்தை வருத்தியது.

அன்று ஆசிரியை அட்டைகளைப் பகிர்ந்தளித்தார். அச்சிறுவனின் குழுவில் நன்றாகப் படிக்கும் சிறுமி ஒருத்தி 5/11 என்னும் அட்டையைப் பாதிக்கு மேற்பட்ட வட்டத்தில் வைத்தாள். "ஏனென்றால் ஐந்தும் பதினொன்றும் பெரிய எண்கள்" என்றாள். இருவர் தலையாட்டினர். ஆசிரியை, "அப்படியா? ஏன்?" என்று மட்டும் கேட்டு நின்றார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அச்சிறுவன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "பதினொரு பங்குல அஞ்சு பங்கு எடுத்தா மிச்சம் ஆறு பங்கு கிடக்கும். எடுத்ததவிட மிச்சம் பெருசு. அப்ப எடுத்தது பாதிக்குக் கொறவுதான்."

சிறுமி மறுக்கவில்லை. ஆனால் எளிதில் ஒப்பவுமில்லை. "எல்லா அட்டைக்கும் இப்படிப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். நல்ல மாணவிக்கு அழகு அது. குழு முழுவதும் சோதிக்கத் தொடங்கியது. 4/7: எடுத்தது நான்கு, மிச்சம் மூன்று, பாதிக்கு மேல். 3/8: எடுத்தது மூன்று, மிச்சம் ஐந்து, பாதிக்குக் கீழ். 6/12: எடுத்தது ஆறு, மிச்சம் ஆறு, சரிபாதி. பன்னிரண்டு அட்டைகளுக்கும் வழி பொருந்தியது. "எல்லாப் பின்னத்துக்கும் பொருந்துமா? ஏன் பொருந்த வேண்டும்?" என்று ஆசிரியை கேட்டார். "எடுத்ததும் மிச்சமும் சமமா இருந்தாத்தானே பாதி" என்றான் சிறுவன். அவ்வொரு வாக்கியத்தில் ஒரு கணித நிறுவல் அடங்கியிருந்தது. பாடநூலில் அவ்வழி இல்லை. ஆசிரியையும் அதைக் கற்பித்ததில்லை. கடற்கரையில் தந்தையும் மாமனும் பங்கு பிரிப்பதைக் கண்டு, மிச்சத்தின்மேல் கண் வைக்கப் பழகியவனுக்கு அது தானாக வந்தது.

அடுத்த தேர்வில் அவன் முதல் மதிப்பெண் பெற்றுவிட்டான் என்று எழுதினால் கதை இனிக்கும், உண்மை அவ்வாறில்லை. காலாண்டுத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண்களோடுதான் தேறினான். ஆனால் வெற்றுத்தாள் கொடுக்கவில்லை. தாளில் எழுதியிருந்தான்; சிலவற்றைத் தவறாக எழுதியிருந்தான். தவறாக எழுதும் பிள்ளையைத் திருத்தலாம். எழுதாத பிள்ளையை என் செய்வது? வகுப்பில் நடந்ததை அவன் தாயிடம் ஆசிரியையே நேரில் சென்று சொன்னார். அந்த ஜூன் மாதம் அவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான்.

குவியலிலிருந்து வரிசைக்கு

வகைப்படுத்துதல் மூன்று வட்டங்களோடு முடிவதன்று. பாதிக்கு மேற்பட்ட நான்கு அட்டைகளை எடுத்துக்கொள்வோம்: 4/7, 5/9, 5/8, 7/12. இவற்றைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நான்கும் பாதியைத் தாண்டியவை. எவ்வளவு தாண்டின என்று பார்த்தால் வழி திறக்கும். எட்டில் பாதி நான்கு, ஐந்து எடுத்தோம், ஆக 5/8 பாதியைவிட 1/8 மிகுதி. பன்னிரண்டில் பாதி ஆறு. ஆக 7/12 பாதியைவிட 1/12 மிகுதி. ஏழில் பாதி மூன்றரை, நான்கு எடுத்தோம், மிகுதி ஏழில் அரைப்பங்கு, அதாவது 1/14. அவ்வாறே 5/9-இன் மிகுதி 1/18. ஒரு பொருளை எட்டாகப் பிரித்தால் துண்டு பெரிது. பதினெட்டாகப் பிரித்தால் துண்டு சிறிது. எனவே வரிசை 5/9, 4/7, 7/12, 5/8. பொதுப் பகுதி காணவும் வேண்டாம்; நீண்ட பெருக்கலும் வேண்டாம். பாதிக்குக் குறைந்த நான்கு அட்டைகளையும் இவ்வாறே வீட்டில் வரிசைப்படுத்திப் பாருங்கள். எத்தனை குறைகிறது என்று கணக்கிட்டால் 1/3, 3/8, 2/5, 5/11 என வரும்.

மற்றொரு வகை, ஒன்றுக்கு அருகில் உள்ளவை. 4/5-உம் 5/6-உம் எழுதிய அட்டைகளைக் கொடுத்து எது பெரிது என்று கேட்டால், "இரண்டிலும் ஒன்று குறைகிறது, ஆகவே இரண்டும் சமம்" என்று பல பிள்ளைகள் சொல்வர். இவ்விடையை வைது ஒதுக்காதீர்கள். அதில் பாதி உண்மை உள்ளது. குறைவது இரண்டிலும் ஒரு துண்டுதான். ஆனால் ஒன்றில் ஐந்தாகப் பிரித்த துண்டு, மற்றதில் ஆறாகப் பிரித்த துண்டு. சிறிய துண்டு குறைந்ததே பெரிய பின்னம். எனவே 5/6 பெரிது. ஏறக்குறைய எல்லோரும் என்று கூறவேண்டிய இடத்தில் நம் கிராமத்தார் 'முக்காலே மூன்று வீசம் பேர்' என்பர். முக்காலோடு 3/16 சேர்ந்தால் 15/16. ஒன்றுக்கு ஒரு வீசமே குறைவு. பாட்டி சொன்ன பேச்சுக்குள் எத்துணை நுட்பமான கணக்கு!

சில நாள் பழகியபின், வட்டங்களுக்குப் பெயர் வைக்கும் உரிமையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். ஒரு குழு தன் விருப்பப்படி அட்டைகளைப் பிரித்து வைக்க, மற்றக் குழு "நீங்கள் எந்த விதிப்படி பிரித்தீர்கள்?" என்று கண்டுபிடிக்கட்டும். எந்த வட்டத்திலும் அடங்காத அட்டைகள் இரண்டையும் இடையே நுழைத்து வையுங்கள். 9/9 என்பது பின்னமா? 5/4 என்று ஒன்று இருக்க முடியுமா? நாலு பங்காகப் பிரித்த அப்பத்தில் ஐந்து பங்கை எப்படி எடுப்பது? "இரண்டாவது அப்பத்தைப் பிரிக்க வேண்டும்" என்று ஒரு பிள்ளை சொல்லும் வரை பொறுத்திருங்கள். தகா பின்னம் என்னும் பாடத்தை அப்பிள்ளை தானே எழுதிவிட்டது.

மரியா மாண்டிசோரி அம்மையார்

கையால் தொட்டுப் பிரித்துக் கற்கும் இம்முறைக்கு நம் திருச்சபையின் மகள் ஒருவர் ஆற்றிய தொண்டை இங்கு நினைவுகூர்தல் தகும். இத்தாலிய மருத்துவரும் கத்தோலிக்கருமான மரியா மாண்டிசோரி அம்மையார், 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், உரோமை நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். அவர் அமைத்த கற்றல் கருவிகளுள் பின்ன வட்டங்களும் உண்டு. ஒரே அளவுள்ள பத்து உலோக வட்டங்கள். முதலாவது முழுமை, இரண்டாவது இரு பாதிகள், மூன்றாவது மூன்று பங்குகள், இவ்வாறு பத்தாவது வட்டம் பத்துப் பங்குகளாக வெட்டப்பட்டிருக்கும். குழந்தை துண்டுகளை எடுத்து வேறு வட்டத்தில் பொருத்திப் பார்க்கும். இரண்டு கால் துண்டுகள் அரையின் இடத்தில் அப்படியே அமர்வதைக் கண்டபின், 2/4-உம் 1/2-உம் சமம் என்பதை எவரும் அதற்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தமையால் நாடு திரும்ப இயலாது, சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணிசெய்து, 1946-இல் ஐரோப்பா திரும்பினார். தமிழ் மண்ணிலிருந்தும் அவர் கற்றார் என்பது நமக்குப் பெருமை. உலோக வட்டங்கள் வாங்க வசதியில்லாத பள்ளியும் அட்டை வட்டங்களை வெட்டிக்கொள்ளலாம். தமிழக அரசுப் பள்ளிகளிலும் செயல்வழிக் கற்றலும், 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இத்தகைய செயல்களுக்கு இடம் தந்துள்ளன.

மறைநூலில் ஒரு வரிசை

பின்னங்கள் விவிலியத்திலும் உண்டு. எண்ணிக்கை நூலின் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பலியோடு சேர்த்துப் படைக்க வேண்டிய மாவும் எண்ணெயும் அங்கே வகுத்துரைக்கப்படுகின்றன. ஆட்டுக்குட்டிக்கு எப்பா என்னும் அளவையில் பத்தில் ஒரு பங்கு மாவும், கின் என்னும் அளவையில் நான்கில் ஒரு பங்கு எண்ணெயும். ஆட்டுக்கிடாய்க்குப் பத்தில் இரு பங்கு மாவும் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயும். காளைக்குப் பத்தில் மூன்று பங்கு மாவும் பாதி அளவு எண்ணெயும். விலங்கு பெரிதாகப் பெரிதாகக் காணிக்கையும் பெருகுகிறது. 1/4, 1/3, 1/2 என்னும் வரிசை ஏறுவரிசை என்று அறியாத பிள்ளை, குட்டிக்குத்தான் மிகுந்த எண்ணெய் என்று வாசித்துவிட்டுப் போகும். மறைக்கல்வி வகுப்பில் ஒருநாள் இவ்வதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு அட்டைகளாக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

இதனினும் ஆழமான பாடத்தை ஆண்டவர் இயேசு கோயிலின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து கற்பித்தார். செல்வர் பலர் மிகுதியாகப் போட்டனர். ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரண்டு சிறு காசுகளைப் போட்டாள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் செல்வரின் காணிக்கையே பெரிது. ஆண்டவரோ, எவ்வளவு போட்டார்கள் என்று மட்டும் பாராமல், எதிலிருந்து எடுத்துப் போட்டார்கள் என்று பார்த்தார். செல்வர் தந்தது முழுமையின் சிறு பங்கு. கைம்பெண் தந்தது முழுமை. 'எதன் பாதி? எதன் பங்கு?' என்னும் வினாவே பின்னக் கணக்கின் உயிர்நிலை. பெரிய அப்பத்தின் காலும் சிறிய அப்பத்தின் காலும் சமம் அல்ல என்று அறியும் பிள்ளை, மனிதரை அளக்கும்போதும் அவசரப்பட்டு எண்ணிக்கையை நம்பாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே, இவற்றைப் பள்ளிக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள். தோசையை வட்டில் இடும்போது, "மூன்றில் இரண்டு வேண்டுமா, நான்கில் மூன்று வேண்டுமா?" என்று கேளுங்கள். பிள்ளை ஒன்றைத் தெரிந்தெடுத்ததும், "ஏன்?" என்று கேளுங்கள். குறைவது மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா என்று அது எண்ணிப் பார்க்கட்டும். விடையை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து அரைமணி நேரம் அட்டை பிரியுங்கள். அண்ணன், தங்கையின் விடையைக் கேலி செய்ய இடம் தராதீர்கள். காரணம் சொல்லச் செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அட்டை பிரித்தல் வாய்பாட்டுக்கு மாற்று அன்று. ஏழில் பாதி மூன்றரை என்பது உடனே நினைவுக்கு வராத பிள்ளையால் காரணம் காண்பதும் இயலாது. வாய்பாடு கால், காரணம் கண். இரண்டும் உள்ளவனே வழி நடப்பான்.

மற்றொன்றையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். "நம்ம பரம்பரைக்கே கணக்கு வராது" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். இறைவன் தம் சாயலாக மனிதனைப் படைத்தபோது, ஆராய்ந்து உண்மை காணும் அறிவையும் அளித்தார். அதைச் சிலருக்கு மட்டும் என்று பிரித்தளிக்கவில்லை. அறிவின்மை என்று நாம் பெயரிடும் பலவும், வினவுவார் இல்லாமையால் உறங்கும் அறிவே. அதை எழுப்புவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பழைய அழைப்பிதழ்கள் சிலவும், 'ஏன்?' என்னும் ஒரு சொல்லும், விடை வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் போதும். தன் பங்கு எவ்வளவு என்று சரியாக அறியும் பிள்ளை நாளை ஏமாற்றப்படாது. பிறர் பங்கு எவ்வளவு என்று சரியாக அறியும் பிள்ளை நாளை எவரையும் ஏமாற்றாது. அத்தகைய பிள்ளைகள் நிறைந்த பங்கே உண்மையில் பங்கு.